அலுவலக விளக்குகள் தானாக அணைவது எப்படி?

ஏதாவது ஒரு பெரிய அலுவலகத்துக்குள் நுழைந்ததும் கதவோரம் இருக்கும் சுவிட்ச்போர்டைக் கொஞ்சம் நின்று பாருங்கள். பன்னிரண்டு, பதினாறு சுவிட்ச் வரிசையாக இருக்கும். எது எந்த விளக்குக்கு என்று எதிலும் எழுதியிருக்காது. காலை ஏழரைக்குக் கூட்டித் துடைக்க வரும் அக்கா உள்ளங்கையை விரித்து, மேலிருந்து கீழே ஒரே இழுப்பில் எல்லாவற்றையும் போட்டுவிடுவார். அவர் மேல் தப்பு சொல்ல முடியாது. எந்த சுவிட்ச் எதற்கு என்று யாரும் அவருக்குச் சொல்லித் தரவில்லை. அதற்கப்புறம் அந்த விளக்குகள் இரவு செக்யூரிட்டி அண்ணன் கடைசி ரவுண்டு வரும்வரை எரிந்துகொண்டே இருக்கும். ஆட்கள் வருவது ஒன்பதரைக்கு. மதியம் பாதிப் பேர் சாப்பிடக் கீழே இறங்கிவிடுகிறார்கள். ஆறரைக்கு மேல் ஒரு மூலையில் நாலு பேர் மட்டும் உட்கார்ந்திருக்கிறார்கள். இதெல்லாம் விளக்குக்குத் தெரியாது.

தெரியவைப்பதற்கு ஒரு ஏற்பாடு செய்கிறோம் அல்லவா, அதைத்தான் தானியங்கி விளக்குக் கட்டுப்பாடு என்கிறோம். பெயர் பெரிதாக இருந்தாலும் அது கேட்கும் கேள்விகள் மூன்றுதான். இங்கே இப்போது ஆள் இருக்கிறாரா? வெளியிலிருந்து போதுமான வெளிச்சம் வருகிறதா? இந்த இடத்துக்கு உண்மையில் எவ்வளவு வெளிச்சம் வேண்டும்? நான் இந்த வேலையில் பல வருடங்களாக இருக்கிறேன். சென்சார் வாங்கி மாட்டுவது பாதி வேலைதான். அந்த இடத்துக்கும் அங்கே உட்காரும் மனிதர்களுக்கும் பொருந்துகிற மாதிரி அதை அமைத்தால்தான் மின்சாரம் மிச்சமாகும். அமைக்காமல் விட்டால் ஒரு மாதத்துக்குள் யாராவது அதைச் செயலிழக்க வைத்துவிடுவார்கள்.

ஆள் இருக்கிறாரா என்று எப்படித் தெரியும்?

ஃபால்ஸ் சீலிங்கில் வெள்ளையாக, பாதி கோலிக்குண்டு மாதிரி ஒன்று ஒட்டியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். பெரும்பாலும் அது பிஐஆர் சென்சார். அதில் கேமரா கிடையாது, அது யாரையும் படம் பிடிப்பதில்லை. நம் உடல் எப்போதும் கண்ணுக்குத் தெரியாத வெப்பக் கதிரை வெளிவிட்டுக்கொண்டே இருக்கிறது, அலைநீளம் சுமார் 10 மைக்ரோமீட்டர். அந்தக் கதிரை உணரும் சிறிய தகடு ஒன்று உள்ளே இருக்கிறது. அது இரண்டு பாதிகளாக இருக்கும். மேலே இருக்கும் அந்த வெள்ளை மூடிதான் லென்ஸ். கூர்ந்து பார்த்தால் அதில் கட்டம் கட்டமாகக் கோடுகள் தெரியும். ஒவ்வொரு கட்டமும் அறையின் ஒரு துண்டைப் பார்க்கிறது. நீங்கள் ஒரு துண்டிலிருந்து அடுத்த துண்டுக்கு நகரும்போது உங்கள் வெப்பம் தகட்டின் ஒரு பாதியிலிருந்து மறு பாதிக்குத் தாவுகிறது. அந்த வித்தியாசத்தைப் பார்த்துத்தான் ஆள் இருக்கிறார் என்று சென்சார் முடிவு செய்கிறது.

இதைப் புரிந்துகொண்டால் பல சங்கதிகள் தானாக விளங்கிவிடும். குறுக்கே நடப்பவரைச் சென்சார் உடனே பிடிக்கும். நேராகத் தன்னை நோக்கி வருபவரைப் பிடிக்கக் கொஞ்சம் தாமதமாகும். அசையாமல் உட்கார்ந்து படிப்பவர் அதன் கணக்கில் இல்லாதவர். அட்டைப்பெட்டியில் 8 மீட்டர் என்று போட்டிருந்தால் அது நடமாட்டத்துக்கான தூரம். கீபோர்டில் விரல் அசைவதைப் பிடிக்க அதில் பாதி தூரம் என்று வைத்துக்கொண்டு திட்டமிடுவதுதான் நல்லது. அப்புறம், சாதாரணக் கண்ணாடி இந்த வெப்பக் கதிரை விடாது. கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் நடப்பவர் பிஐஆருக்குத் தெரியமாட்டார்.

அந்தக் கடைசி விஷயம் மீட்டிங் அறைகளில் ரொம்ப உதவும். இப்போதெல்லாம் மீட்டிங் அறைகளுக்கு முன்பக்கம் முழுக்கக் கண்ணாடிதான். அங்கே பிஐஆர் போட்டால் தாழ்வாரத்தில் போகிறவர் வருகிறவர் எல்லாம் உள்ளே விளக்கைப் போட்டுவிட மாட்டார்கள். மைக்ரோவேவ் சென்சார் போட்டால் கதை மாறிவிடும். அது தானே ஓர் அலையை அனுப்பி, திரும்பி வரும் அலையில் மாற்றம் இருக்கிறதா என்று பார்க்கிறது. அந்த அலை கண்ணாடியையும் மெல்லிய ஜிப்சம் சுவரையும் துளைத்துக்கொண்டு போகும். வெளியே டீ கொண்டு போகும் தம்பிக்கெல்லாம் உள்ளே விளக்கு எரியும். கார் நிறுத்தும் இடம், படிக்கட்டு மாதிரி திறந்த இடங்களுக்கு மைக்ரோவேவ் பொருத்தமானது.

கழிப்பறை இன்னொரு மாதிரியான இடம். உள்ளே தனித்தனித் தடுப்புகள். பிஐஆருக்கு நேர்ப்பார்வை வேண்டும், தடுப்புக்குப் பின்னால் இருப்பவரை அது பார்க்காது. விளக்கு அணைந்து இருட்டில் உட்கார்ந்திருந்த அனுபவம் பலருக்கு இருக்கும். அங்கே அல்ட்ராசானிக் பொருத்துவார்கள். காதுக்குக் கேட்காத ஒலியை அனுப்பி, எதிரொலியைக் கேட்கும் கருவி அது. ஒலி சுவரில் பட்டுத் திரும்பி மூலை முடுக்கெல்லாம் போகும் என்பதால் தடுப்பு அதற்குப் பெரிய தடையில்லை. ஏசி காற்று வேகமாக வரும் வாய்க்குப் பக்கத்தில் மட்டும் அதை வைக்கக் கூடாது. காற்றின் அசைவையே ஆள் என்று நினைத்துக்கொள்ளும். பிஐஆரும் அல்ட்ராசானிக்கும் ஒன்றாக இருக்கும் இரட்டை வகையும் கிடைக்கிறது. விளக்கைப் போடுவதற்கு இரண்டும் ஒத்துக்கொள்ள வேண்டும், போட்ட விளக்கைத் தொடர்ந்து எரியவிட ஒன்று சொன்னால் போதும் என்று அதை அமைப்பார்கள்.

சரி, ஆள் போன பிறகு எத்தனை நிமிடம் கழித்து அணைய வேண்டும்? இதில்தான் நிறையப் பேர் பேராசைப்படுகிறார்கள். ஒரு நிமிடம் என்று வைத்தால் அதிகம் மிச்சமாகும் என்று நினைக்கிறார்கள். ஒரு நிமிடத்தில் அணையும் விளக்கின் கீழ் யாராலும் வேலை பார்க்க முடியாது. இந்தியாவின் எரிசக்திச் சேமிப்புக் கட்டட விதி, ஈசிபிசி என்பார்கள், அதன் 2017 பதிப்பு ஆள் வெளியேறிய 15 நிமிடத்துக்குள் அணைந்தால் போதும் என்கிறது. அமெரிக்க விதிகளில் 20 நிமிடம். டியூப்லைட் காலத்தில் அடிக்கடி போட்டு அணைத்தால் குழல் சீக்கிரம் போய்விடும் என்ற பயம் இருந்தது, அதனால் நேரத்தைக் கூட்டி வைத்தார்கள். எல்இடிக்கு அந்தப் பயம் அநேகமாக இல்லை. ஆனாலும் ஆள் உட்கார்ந்து வேலை பார்க்கும் இடத்தில் நான் 15க்குக் கீழே இறங்குவதில்லை. தாழ்வாரத்தில் 5 போதும்.

இன்னொரு சிறிய மாற்றம் உண்டு. பலருக்கு இது தெரிவதில்லை. விளக்கைத் தானாகப் போடவே வேண்டாம், அணைப்பதை மட்டும் சென்சாரிடம் விடலாம். மேலாளர் அறைக்குள் பகலில் ஃபைல் எடுக்க ஒருவர் நுழைகிறார். ஜன்னல் வெளிச்சமே தாராளம். தானாகப் போடும் அமைப்பாக இருந்தால் விளக்கு எரிந்துவிடும், அவர் போன பிறகும் 15 நிமிடம் எரியும். கையால் போட வேண்டும் என்றிருந்தால் அவர் போடவே மாட்டார். தனி அறைகளுக்கு இதுதான் சிறந்தது. கழிப்பறையிலும் படிக்கட்டிலும் தானாகத்தான் எரிய வேண்டும். இருட்டில் யாரும் சுவிட்சைத் தடவித் தேடக் கூடாது.

ஜன்னலோர விளக்கு

வெளிச்சத்தை லக்ஸ் என்ற அலகில் அளக்கிறோம். வெளியே உச்சி வெயிலில் 1,00,000 லக்ஸ் அளவுக்கு வெளிச்சம் இருக்கும். மேகமூட்டமான பகலில்கூட 10,000 லக்ஸ் வரை வரும். மேஜையில் நமக்குத் தேவைப்படுவது 300 முதல் 500 லக்ஸ். ஜன்னலை ஒட்டிய மேஜைகளுக்குப் பகல் முழுக்க விளக்கே வேண்டாம் என்பது இந்தக் கணக்கிலேயே தெரிகிறது. ஜன்னலின் மேல் விளிம்பு தரையிலிருந்து 7 அடி உயரத்தில் இருந்தால், உள்ளே 10 முதல் 14 அடி வரை அந்த வெளிச்சம் உதவும். அதாவது உயரத்தின் ஒன்றரை மடங்கிலிருந்து இரண்டு மடங்கு.

ஆனால் நடைமுறையில் அந்த ஜன்னலோர விளக்கை மட்டும் அணைக்க முடிவதில்லை. காரணம் வயரிங். ஒரு தளத்தில் ஃபால்ஸ் சீலிங்கைத் திறந்து வயரைப் பின்தொடர்ந்து போய்ப் பார்த்தேன். ஒரு சுவிட்சில் எட்டு பேனல் விளக்கு. முதல் பேனல் ஜன்னலுக்கு மேலே, எட்டாவது பேனல் லிஃப்ட் சுவருக்குப் பக்கத்தில். எலெக்ட்ரீஷியனுக்கு அதுதான் குறைந்த வயர். ஜன்னலிலிருந்து உள்ளே நேராக இழுத்துக்கொண்டு போயிருக்கிறார். ஜன்னலோரத்தை அணைத்தால் இருட்டு மூலையும் அணைந்துவிடும். அதனால் எல்லாம் எரிகிறது, வெயிலுக்குள் நின்றுகொண்டு எரிகிறது. அந்த எட்டையும் ஜன்னலுக்கு இணையான வரிசைகளில் பிரித்திருந்தால், முதல் வரிசை ஒரு சுவிட்ச், இரண்டாவது வரிசை இன்னொன்று என்று விட்டிருந்தால், ஒரு சென்சாரும் இல்லாமலேயே பாதிப் பிரச்சினை தீர்ந்திருக்கும். புதுக் கட்டடம் கட்டுபவர்களிடம் நான் கையைப் பிடித்துச் சொல்வது இதைத்தான்: வயரிங் போடும் நாளில் ஜன்னல் எந்தப் பக்கம் என்று பாருங்கள். அப்போது அதற்குப் பெரிய செலவில்லை. சீலிங் மூடிய பிறகு மாற்றுவது பெரிய வேலை.

வரிசை சரியாகப் பிரிந்திருந்தால் அடுத்தது வெளிச்சத்தை அளக்கும் சென்சார். இது சீலிங்கிலிருந்து கீழே மேஜையைப் பார்க்கும். மேஜையில் வெளிச்சம் கூடினால் விளக்கை மெல்ல மங்கவைக்கும், குறைந்தால் ஏற்றும். ‘மெல்ல’ என்பதுதான் இதில் உயிர். ஒரு மேகம் சூரியனை மறைத்து விலகுவதற்குள் விளக்கு ஏறி இறங்கினால் கீழே இருப்பவருக்குத் தலைவலிதான். மாற்றம் ஒரு நிமிடத்துக்கு மேல் பரவி நடந்தால் யாருக்கும் தெரியாது. இதை அமைக்க நல்ல நேரம் இரவு. வெளி வெளிச்சம் இல்லாதபோது விளக்கைப் போட்டு, லக்ஸ் மீட்டரை மேஜையில் வைத்து, 500 வரும் இடத்தில் நிறுத்தி, இதுதான் உன் இலக்கு என்று சென்சாருக்குச் சொல்லிவிட வேண்டும். அமைத்த பிறகு யாராவது கறுப்புக் கார்ப்பெட்டை எடுத்துவிட்டு வெள்ளை டைல்ஸ் போட்டால் சென்சார் ஏமாறும். தரையிலிருந்து அதிக ஒளி மேலே தெறிப்பதால் வெளிச்சம் தாராளமாக இருக்கிறது என்று நினைத்து விளக்கைக் குறைத்துவிடும். திரும்ப அமைக்க வேண்டியதுதான்.

நம் ஊர் வெயிலில் இன்னொரு சிக்கலும் உண்டு. காலையில் கண்கூசும், பிளைண்டை இறக்கிவிடுவார்கள். பதினொன்றுக்கு வெயில் அந்தப் பக்கத்தை விட்டுப் போய்விடும், பிளைண்டை ஏற்ற யாருக்கும் ஞாபகம் வராது. மாலைவரை திரைக்குப் பின்னால் வெளிச்சம் காத்துக்கொண்டு நிற்கும். நியூயார்க்கில் 2007இல் திறக்கப்பட்ட நியூயார்க் டைம்ஸ் கட்டடத்தில் இதற்கு ஒரு வழி கண்டார்கள். 52 மாடி, தரையிலிருந்து கூரைவரை கண்ணாடி. கட்டுவதற்கு முன்பே குவீன்ஸ் பகுதியில் 4,500 சதுர அடியில் அலுவலகத்தின் ஒரு மூலையை மாதிரியாகக் கட்டினார்கள். லாரன்ஸ் பெர்க்லி தேசிய ஆய்வகத்தின் ஆட்கள் அங்கே மங்கவைக்கும் விளக்கையும், சூரியனைப் பார்த்துத் தானாக ஏறி இறங்கும் திரையையும் மாதக்கணக்கில் சோதித்தார்கள். கட்டடத்துக்குள் ஆட்கள் குடியேறிச் சில வருடங்கள் ஆன பிறகு, 2013இல், அதே ஆய்வகம் முடிவை வெளியிட்டது. விதிமுறையைப் பூர்த்தி செய்யும் அளவுக்கு மட்டும் கட்டப்பட்ட கட்டடத்தோடு ஒப்பிட்டால் ஆண்டு மின்சாரம் 24 சதவீதம் குறைவு, சூடாக்கும் எரிசக்தி 51 சதவீதம் குறைவு. விளக்கு, திரை, தரைக்கடியில் வரும் காற்று மூன்றும் சேர்ந்து கொடுத்த பலன் அது. அங்கே முதலில் இருந்தவை எல்இடி விளக்குகள் இல்லை, மங்கவைக்கக்கூடிய டியூப்லைட்டுகள்தான். எல்இடி போட்டாகிவிட்டதே, இனிக் கட்டுப்பாடு எதற்கு என்று கேட்பவர்களுக்கும், விளக்கை மாற்றிய பிறகுதான் கட்டுப்பாடு என்று தள்ளிப்போடுபவர்களுக்கும் நான் இந்தக் கட்டடத்தைச் சொல்வேன்.

உச்ச அளவைக் குறைப்பது

மூன்றாவது கேள்வி எவ்வளவு வெளிச்சம் வேண்டும் என்பது. இதற்கு ஆகும் செலவுதான் இருப்பதிலேயே குறைவு. வடிவமைப்பவர்கள் விளக்கு வயதாகி ஒளி குறையும், தூசி படியும் என்று கணக்கிட்டு முதல் நாளே கூடுதலாகப் போட்டுவிடுவார்கள். 500 லக்ஸ் தேவைப்படும் மேஜையில் மீட்டர் வைத்தால் 650 காட்டும். மங்கவைக்கும் வசதி இருந்தால் உச்ச அளவையே 75 சதவீதத்தில் கட்டிவிடலாம். யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள், ஏனென்றால் கண் வெளிச்சத்தை மீட்டர் மாதிரி அளப்பதில்லை. மீட்டரில் பாதியாகக் குறைத்தால் கண்ணுக்கு 70 சதவீதம் இருப்பது போலத் தெரியும். கால் பங்கு குறைத்தால் எட்டில் ஒரு பங்கு குறைந்த மாதிரி. மின்சாரம் மட்டும் கிட்டத்தட்ட முழுக் கால் பங்கும் மிச்சம்.

லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகம் பல ஆய்வுகளைத் தொகுத்துச் சராசரி எடுத்தபோதும் இதுதான் முன்னால் நின்றது. விளக்கு மின்சாரத்தில் மிச்சம் ஆள் சென்சாருக்கு 24 சதவீதம், பகல் வெளிச்சத்துக்கு 28, ஒவ்வொருவரும் தன் விளக்கைத் தானே மங்கவைக்க விட்டால் 31, நிர்வாகமே உச்ச அளவைக் கட்டினால் 36, பலவற்றைச் சேர்த்தால் 38. ஒன்றின் மேல் ஒன்றாகக் கூட்ட முடியாது என்பதை அந்தக் கடைசி எண் காட்டுகிறது. ஏற்கெனவே அணைந்த விளக்கை இன்னொரு முறை மிச்சப்படுத்த முடியாது அல்லவா.

நம் கணக்கில் பார்ப்போம். ஒரு தளத்தில் 36 வாட் பேனல் 100. ஒரு நாளைக்கு 12 மணி நேரம், மாதம் 25 நாள் எரிந்தால் வருடத்துக்கு 12,960 யூனிட். 38 சதவீதம் என்றால் சுமார் 4,900 யூனிட் மிச்சம். அதோடு முடியவில்லை. விளக்கு எடுக்கும் மின்சாரம் எல்லாமே கடைசியில் வெப்பமாகத்தான் அந்த அறைக்குள் விழுகிறது. மூன்று யூனிட் வெப்பத்தை வெளியேற்ற ஏசி ஏறத்தாழ ஒரு யூனிட் செலவழிக்கிறது. அப்படியானால் இன்னொரு 1,600. மொத்தம் 6,500 யூனிட்டுக்குப் பக்கம். யூனிட் 9 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 58,500 ரூபாய், ஒரே தளத்தில். கழிக்க வேண்டியதும் ஒன்று உண்டு. மங்கவைக்கும் டிரைவர்கள், அதாவது எல்இடிக்குக் கரண்ட் கொடுக்கும் சிறு கருவிகள், விளக்கு அணைந்திருக்கும்போதும் கட்டளைக்காக விழித்திருக்கும். ஆளுக்கு அரை வாட் என்றால் 100 பேனலுக்கு, நாள் முழுக்க விழித்திருப்பதாக வைத்தாலும், வருடம் 438 யூனிட். வாங்கும்போது அந்தத் தூக்கநிலை வாட் எவ்வளவு என்று கேட்டு வாங்குங்கள்.

எல்லாவற்றையும் இணைக்கும் வயர் பற்றி இரண்டு வார்த்தை. சின்ன இடத்தில் சென்சார் நேராக விளக்கின் கரண்டையே வெட்டும். பெரிய கட்டடத்தில் டாலி என்ற முறை அதிகம். இரண்டே கட்டளை வயர், அதில் 64 கருவிகள்வரை, ஒவ்வொன்றுக்கும் தனி முகவரி. நாளைக்கு ஒரு தடுப்புச் சுவரை எடுத்துவிட்டு இரண்டு அறையை ஒன்றாக்கினால் வயரைத் தொட வேண்டாம், எந்த விளக்கு எந்தக் குழு என்று மென்பொருளில் மாற்றினால் போதும். வயர் இழுக்க முடியாத பழைய கட்டடங்களுக்கு ஜிக்பீ, புளூடூத் மெஷ் மாதிரி கம்பியில்லாத வழிகள் இருக்கின்றன. கார் நிறுத்துமிடத்துக்கும் வெளி விளக்குக்கும் சூரியக் கணக்கு டைமர் போதும். ஊரின் அட்சரேகை, தீர்க்கரேகையைக் கொடுத்தால் தினமும் சூரியன் மறையும் நேரத்தை அதுவே கணக்கிட்டுக்கொள்ளும். சென்னையில் நவம்பருக்கும் ஜூலைக்கும் அந்த நேரம் ஏறத்தாழ ஒரு மணி நேரம் வேறுபடுகிறது, சாதாரண டைமரை யாரும் மாதாமாதம் திருத்துவதில்லை.

மலிவான சென்சார் வாங்குபவர்கள் கவனிக்க வேண்டிய ஒரு பழுது இருக்கிறது. எல்இடி டிரைவர் ஆன் ஆகும் அந்தக் கணத்தில், ஒரு நொடியின் மிகச் சிறிய பகுதிக்கு, வழக்கத்தைவிடப் பல மடங்கு கரண்ட் இழுக்கும். பத்துப் பதினைந்து பேனல் ஒன்றாக இழுத்தால் சென்சாருக்குள் விளக்கைப் போட்டு அணைக்கும் சிறிய சுவிட்சான ரிலேயின் காண்டாக்ட் உருகி ஒட்டிக்கொள்ளும். அதன் பிறகு சென்சார் உள்ளே ‘டிக்’ என்று சத்தம் போடும், விளக்கு அணையாது. 1,000 வாட் தாங்கும் என்று போட்டிருப்பது பெரும்பாலும் குண்டு பல்புக்கான கணக்கு. எல்இடிக்கு எவ்வளவு என்று தனியாகப் போட்டிருக்கும், அதைப் பாருங்கள். சுமை அதிகமென்றால் நடுவில் ஒரு கான்டாக்டர், அதாவது பெரிய சுமையைத் தாங்கும் மின்சுவிட்ச், வையுங்கள்.

ஈசிபிசி விதி 100 கிலோவாட் இணைப்புச் சுமை அல்லது 120 கேவிஏ ஒப்பந்தத் தேவைக்கு மேற்பட்ட வணிகக் கட்டடங்களுக்கு எழுதப்பட்டது. 300 சதுர மீட்டருக்கு மேற்பட்ட இடங்களில் உள்விளக்குகளில் 90 சதவீதம் தானியங்கிக் கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும் என்கிறது அதன் 2017 பதிப்பு. அவசர விளக்குகளுக்கு விலக்கு. விதி சொல்லாவிட்டாலும் அவற்றை எந்தச் சென்சாரிலும் சேர்க்காதீர்கள். மின் பேனல் அறையிலும் தானாக அணையும் விளக்கு கூடாது. திறந்த பேனலுக்கு முன்னால் அசையாமல் நின்று ஒருவர் வேலை பார்த்துக்கொண்டிருக்கும்போது இருட்டானால் உயிருக்கே ஆபத்து. தப்பிக்கும் படிக்கட்டில் முழுதாக அணைக்காமல் மங்கலான அளவுக்கு இறக்கினால் போதும்.

கடைசியாக ஒரு தளத்தைப் பற்றிச் சொல்கிறேன். சென்சார் போட்டும் கரண்ட் பில் குறையவில்லை என்று கூப்பிட்டிருந்தார்கள். போய் அண்ணாந்து பார்த்தால் சீலிங்கில் பாதி சென்சார்கள் மேல் செல்லோ டேப் ஒட்டியிருந்தது, சில இடத்தில் பேப்பர் கப் கவிழ்த்திருந்தது. அந்தச் சென்சார்களைக் கட்டுப்பாட்டுப் பெட்டியில் ஓரம்கட்டி, விளக்குகள் நிரந்தரமாக எரியும்படி நேராக இணைத்தும் விட்டிருந்தார்கள். அங்கே உட்கார்ந்திருந்த அக்கவுண்ட்ஸ் அம்மாவிடம் ஏன் என்று கேட்டேன். “நாங்க வேலை பாக்கணுமா, கைய ஆட்டிக்கிட்டே இருக்கணுமா தம்பி?” என்றார். ஒரு சென்சாரைக் கழற்றிப் பின்பக்கம் பார்த்தேன். நேரத் திருகு தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே ஒரு நிமிடத்தில் இருந்தது. உணர்திறன் நடுவில். யாரும் தொட்டதே இல்லை. அன்று மாலை ஏணி போட்டு எல்லாவற்றையும் 15 நிமிடத்துக்கு மாற்றினோம், மேஜைகளுக்கு மேல் இருந்தவற்றின் உணர்திறனை ஏற்றினோம், தூணுக்குப் பின்னால் குருடாக இருந்த இரண்டை இடம் மாற்றினோம், இணைப்பைப் பழையபடி சென்சார் வழியாகக் கொடுத்தோம். மூன்று மாதம் கழித்து வேறு வேலையாக அதே தளத்துக்குப் போனபோது மேலே பார்த்தேன். ஒரு டேப்கூட இல்லை.